சீல் வேண்டாம், பைண்டிங் வேண்டாம்: மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: முதன்மை நூலகர், நூல் தேர்வுக் குழுவினர்,
கலைஞர் நூற்றாண்டு நூலகம், புது நத்தம் சாலை, மதுரை.

ஐயா, அம்மா, வணக்கம்.

2023 ஜூலை 15 அன்று உங்கள் நூலகம் திறந்ததிலிருந்து, ஒரு புத்தகத்துக்காகச் சென்னைக்கு ரயிலேறும் வேலை தென்மாவட்ட வாசகர்களுக்குப் பெருமளவு குறைந்துவிட்டது. மிச்சமிருப்பதில் ஒரு சின்னப் பங்கைப் பற்றியதுதான் இந்த மடல். சிற்றச்சு காமிக்ஸுக்கு, அதிலும் சோதனை முயற்சிகளாக வருபவற்றுக்கு, ஒரு தனித் தொகுப்பைத் தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். ஒரு இரும்பு பீரோவும் இருபது அட்டைப் பெட்டிகளும் போதும். பணமும் பெரிதாக ஆகாது. ஆனால் ஒரு சிக்கல் உண்டு. சீல், பைண்டிங், லேபிள், லேமினேஷன் என்று புத்தகத்தைக் காப்பதற்காக நூலகங்கள் வழக்கமாகச் செய்யும் எல்லாமே இவற்றைக் கெடுத்துவிடும். அதனால் எதை வாங்குவது என்பதைவிட, வாங்கியதை எப்படி வைப்பது என்பதைப் பற்றியே அதிகம் எழுதியிருக்கிறோம்.

காமிக்ஸ் என்றதும் மதுரையில் முதலில் நினைவுக்கு வருவது சிவகாசி. 1972இல் முத்து காமிக்ஸ், 1984இல் லயன் காமிக்ஸ். அவற்றை நாங்களும் விடாமல் வாசிக்கிறவர்கள்தான். இங்கே கேட்பது வேறு. வரைபவரே அச்சடித்து, மடித்து, ஸ்டேப்ளர் பின் அடித்து, ஐம்பதிலிருந்து முந்நூறு பிரதி வரை விற்கும் இதழ்கள். ஜெராக்ஸ், ரிசோகிராஃப் (சுருக்கமாக ரிசோ, ஸ்டென்சில் வழியே மையை ஏற்றும் நகலச்சு இயந்திரம்), ஸ்கிரீன் பிரிண்டிங் என்று அச்சு எதுவாகவும் இருக்கலாம். சிலவற்றில் ஒரு சொல்கூட இருக்காது. சிலவற்றில் கட்டமே இருக்காது. சில இதழ்களில் தாளை மடிக்கும் வரிசை மாறினால் கதையும் மாறிவிடும். பிரான்ஸில் 1992இல் தொடங்கிய ஊபாபோ குழுவினர் தங்களுக்குத் தாங்களே விதி போட்டுக்கொண்டு வரைந்தார்கள்: முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒன்றுபோல வாசிக்கக்கூடிய கதை, ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப வைத்து நகர்த்தும் கதை என்று. நம் மரபில் வெண்பாவும் சித்திரகவியும் அறிந்த வாசகருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

சிற்றிதழ் என்றால் என்ன என்பதும் தமிழில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சி.சு. செல்லப்பாவின் 'எழுத்து' வந்த காலத்தில் அதை வாங்கி வைத்த நூலகங்கள் எத்தனை? கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பில் நாடக நோட்டீசும் அழைப்பிதழும் கூட இருந்தன. மற்றவர்கள் தூக்கியெறிந்த தாள்கள் அவை. இன்று அவர் பெயரிலான சென்னை ஆராய்ச்சி நூலகத்தில் ஆய்வாளர்கள் அவற்றைத் தேடி வருகிறார்கள். காமிக்ஸில் இந்த இழப்பு இன்னும் வேகமாக நடக்கும், மறுபதிப்பு என்பதே அரிது என்பதால். நர்மதை அணையைப் பற்றி ஒரிஜித் சென் வரைந்த 'ரிவர் ஆஃப் ஸ்டோரிஸ்' 1994இல் வந்தது. இந்திய கிராஃபிக் நாவல்களில் முதலாவது என்று பலரும் சொல்வது அதைத்தான். சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் அதை மறுபடி அச்சில் கொண்டுவந்தது 2022இல். இடையில் 28 ஆண்டுகள். இத்தனை பேர்பெற்ற நூலுக்கே இந்த நிலை.

1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி கன்னிமாரா உட்பட நான்கு நூலகங்களுக்குப் பிரதி போக வேண்டும். எண்பது பிரதி ஜெராக்ஸ் எடுத்து விற்கும் கல்லூரி மாணவர் அதை அனுப்புவார் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. நீங்கள்தான் தேடிப் போய் வாங்க வேண்டும்.

இனி நடைமுறை.

முதலில் சீல். தலைப்புப் பக்கத்திலும், அடையாளத்துக்காக நூலகம் தனக்கென்று குறித்து வைத்திருக்கும் உள்பக்கமான ரகசியப் பக்கத்திலும் ஊதா சீல் குத்துவது நம் நூலகங்களின் பழக்கம். எட்டுப் பக்க இதழில் 'ரகசியப் பக்கம்' என்று குத்த வெற்றிடமே கிடையாது. எங்கே குத்தினாலும் படத்தின் மேல்தான் விழும். மெல்லிய தாளில் மை ஊறி மறுபக்கத்து முகத்திலும் தெரியும். இதற்குப் பதிலாகப் பின்னட்டையின் உட்பக்கம், கீழ் ஓரத்தில், 2பி பென்சிலால் சேர்க்கை எண்ணை எழுதினால் போதும். சீல், பார்கோடு, முதுகு லேபிள் மூன்றையும் உறைக்கோ பெட்டிக்கோ மாற்றிவிடுங்கள். ரிசோ அச்சின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிப் பிறகு உரித்தால் மையும் தாளும் சேர்ந்தே வரும். கணக்குத் தணிக்கையின்போது சீல் இல்லையே என்று கேள்வி வரும் என்பது தெரியும். இந்தத் தொகுப்புக்கு மட்டும் பென்சில் எண்ணே செல்லும் என்று முன்கூட்டியே ஓர் அலுவலகக் குறிப்பு போட்டு வைத்துவிட்டால் அந்தப் பேச்சுக்கு இடமிருக்காது.

அடுத்தது பைண்டிங். இதில்தான் சேதம் அதிகம். நான்கைந்து இதழ்களைச் சேர்த்துக் கலிகோ (துணி அட்டை) கட்டு போடும்போது மூன்று பக்கமும் கட்டிங் மெஷினில் மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் போகும். பக்கவாட்டுத் தையல் உட்புறத்தில் பத்து மில்லிமீட்டரை விழுங்கும். லாட்வியாவில் 2007 முதல் வெளிவரும் 'குஷ்!' தொகுப்புகள் ஏ6 அளவு, அதாவது 105 மில்லிமீட்டர் அகலம். அகலத்தில் பதினைந்து மில்லிமீட்டர் போனால் பக்கத்தில் ஏழில் ஒரு பங்கு காலி. உரைநடை நூலில் ஓரம் வெறும் வெள்ளைத் தாள். காமிக்ஸில் படம் தாளின் விளிம்பு வரை ஓடும். இரண்டு பக்கம் விரியும் ஓவியத்தில் நடுவில் நிற்பவரின் மூக்கு தையலுக்குள் போய்விடும். பைண்டர்கள் மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அந்தச் செம்பு நாளடைவில் தாளை அரித்துப் பழுப்பாக்கும். மைதாவுக்கு வெள்ளிப்பூச்சி எப்படியும் வரும்.

'ரா' என்ற அமெரிக்க இதழின் ஏழாம் எண்ணை உதாரணமாகச் சொல்லலாம். 1985இல் வந்தது. ஆசிரியர்கள் ஆர்ட் ஸ்பீகல்மனும் பிரான்ஸ்வாஸ் மூலியும். ஒவ்வொரு பிரதியிலும் முன்னட்டையின் மூலையைக் கையால் கிழித்து, ஒரு கிழிந்த துண்டை உள்ளே டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். அந்தக் கிழிசலும் படைப்பின் பகுதி. அதைப் பார்த்ததும் நம் பணியாளர் யாராவது அக்கறையாக மூலைக்கு அட்டை வைத்து ஒட்டினால் அந்தப் பிரதி அவ்வளவுதான். ஆகவே எதையும் பழுதுபார்ப்பதற்கு முன் அது பழுதுதானா என்று பட்டியல் குறிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உண்மையான பழுது என்றால் அது ஸ்டேப்ளர் பின்தான். சாதாரண இரும்பு பின் ஒரு ஐப்பசி, கார்த்திகை மழையிலேயே துரு ஏறத் தொடங்கும். துரு தாளில் பழுப்பு வளையமாக ஊறும். சில ஆண்டுகளில் அந்த இடத்தில் தாள் மொறுமொறுவென்று உடைந்து நடுத்தாள் தனியே கழன்றுவிடும். பின் எடுக்கும் கருவியால் பிடுங்காதீர்கள். இதழை நடுப்பக்கத்தில் விரித்து வைத்து, மெல்லிய ஸ்பாச்சுலாவால் பின்னின் இரண்டு கால்களையும் நிமிர்த்துங்கள். பிறகு முதுகுப் பக்கமிருந்து மெதுவாக நெம்பி எடுங்கள். துருத் தூளை மென்மையான பிரஷால் தட்டிவிடுங்கள், தேய்க்கக் கூடாது. இரண்டு பின்களுக்கும் சேர்த்து நான்கு துளைகள் இருக்கும். புதிதாகத் துளை போடத் தேவையில்லை. வெளுக்காத பருத்தி நூலையோ லினன் நூலையோ அதே துளைகளில் விட்டு, உள்பக்கம் முடிச்சு போடுங்கள். இறுக்கி இழுத்தால் நூல் தாளை அறுக்கும். முடிச்சு துளை மேல் படிந்து நின்றால் போதும். தாள் ஏற்கெனவே உடைந்திருந்தால், தைப்பதற்கு முன் ஜப்பானியத் தாளும் (மெல்லிய, ஆனால் உறுதியான நார்த்தாள்) கோதுமை மாவுச்சத்துப் பசையும் வைத்து மடிப்பைப் பலப்படுத்த வேண்டும். செல்லோடேப் கூடவே கூடாது. அதன் பசை மஞ்சளாகிக் கசிந்து பக்கத்துத் தாளிலும் ஏறும். லேமினேஷனைப் பற்றிப் பேசவே வேண்டாம். போட்டதைத் திரும்ப எடுக்க வழியில்லை.

உறை விஷயத்தில் கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் தெளிந்த பிளாஸ்டிக் உறைகளில் பி.வி.சி.யும் உண்டு. அதை நெகிழ்வாக்கச் சேர்த்த ரசாயனம் நாளடைவில் வெளியே கசியும். ஜெராக்ஸ், லேசர் பிரிண்டின் டோனர் (மைத்தூள்) அதில் இளகி உறையோடு ஒட்டிக்கொள்ளும். உறையைப் பிரித்தால் படம் உறையோடு போய்விடும். சோதிப்பது எளிது. ஒரு சிறு துண்டை வெட்டி, ஒரு சொட்டு சோப்பு விட்ட தண்ணீருக்குள் அமுக்கி விடுங்கள். மேலே மிதந்தால் பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன், வாங்கலாம். மூழ்கி, புது ரெயின்கோட் வாசமும் அடித்தால் பி.வி.சி., தொடாதீர்கள். (பாலியஸ்டரும் மூழ்கும். ஆனால் விறைப்பாகச் சலசலக்கும், வாசம் இருக்காது. அது நல்ல சரக்கு, விலைதான் அதிகம்.)

பெட்டிகளை அமிலமற்ற அட்டையில் அல்லது பருத்தியில் செய்த கைத்தாள் அட்டையில் செய்யச் சொல்லுங்கள். அட்டையின் மூலையில் பி.எச். பேனாவால் (அமிலத்தைச் சோதிக்கும் பேனா) ஒரு கோடு போட்டால் ஊதா வந்தால் சரி, மஞ்சளாகவே நின்றால் அமிலம். அந்தப் பேனாவை இதழின் மேல் பயன்படுத்தக் கூடாது, கறை போகாது. இதழ்களைப் படுக்கவைத்தே அடுக்குங்கள். நிறுத்தினால் மெல்லிய இதழ்கள் கூன் போடும். பெரியது அடியில், சின்னது மேலே, மொத்த உயரம் ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டாமல். அதற்கு மேல் போனால் அடியில் இருக்கும் ரிசோ இதழ்களில் எதிர்ப்பக்கத்தில் மை பதியும். ரிசோ மை மற்ற மைகளைப் போல இறுகிக் காய்வதில்லை, தாளில் ஊறி நிற்கிறது, அவ்வளவே. கரும்பட்டையாக மை அப்பிய பக்கங்களுக்கு இடையில் அமிலமற்ற டிஷ்யூ வைப்பது நல்லது.

மதுரை வெயிலைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். தாளுக்கு அதைவிடப் பெரிய எதிரி ஏற்ற இறக்கம். பகலில் ஏ.சி. போட்டு இரவில் அணைத்தால், மழைக்காலத்தில் ஈரப்பதம் தினமும் ஏறி இறங்கும், தாள் விரிந்து சுருங்கும். 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சை. பாதி நேரம் ஓடும் ஏ.சி.யைவிட ஏ.சி. இல்லாத, சீரான, வெளிச்சுவரில் ஒட்டாத ஓர் உள்ளறை மேல். சில நூறு ரூபாய் ஈரமானி ஒன்றை பீரோவுக்குள்ளேயே வையுங்கள். அறைச் சுவரில் மாட்டினால் அது அறையைத்தான் காட்டும்.

பட்டியலிடும்போது எல்லாவற்றையும் டூயி வகைப்பாட்டில் காமிக்ஸுக்கான 741.5 என்ற எண்ணைப் போட்டுச் சிறுவர் பிரிவுக்கு அனுப்பிவிடாதீர்கள். இவற்றில் பல வளர்ந்தவர்களுக்கானவை. எண் அதுவே இருக்கட்டும், 'சிற்றச்சு' என்ற இருப்பிடக் குறி மட்டும் தனியாக. மார்க் பதிவில் (நூலகக் கணினிப் பட்டியலின் பதிவு) 300ஆம் புலத்தில் விரித்த அளவு, மடித்த அளவு இரண்டையும் தாருங்கள். 37/100 போன்ற பிரதி எண்ணை 562இலும், கட்டுமுறையை 563இலும் எழுதுங்கள். மடிப்பு இதழ் என்றால் மடிப்பின் வரிசையை நான்கு படங்களாக எடுத்து உறைக்குள் வையுங்கள். அது இல்லாவிட்டால் மூன்றாவது வாசகர் கையில் புது மடிப்பு விழும். துண்டுகளாக வரும் படைப்புகளுக்குப் பெட்டியின் மூடியிலேயே எண்ணிக்கை வேண்டும். கிறிஸ் வேரின் 'பில்டிங் ஸ்டோரிஸ்' (2012) ஒரு பெட்டிக்குள் 14 தனித்தனி அச்சுகள். கொடுக்கும்போதும் வாங்கும்போதும் எண்ணாவிட்டால் முதலில் தொலைவது அதிலுள்ள சின்ன மடிப்புத் தாள்தான். ஓவியர் புனைபெயரில் எழுதியிருந்தால் பதிவிலும் புனைபெயரே இருக்கட்டும். உங்களுக்கு இயற்பெயர் தெரிந்திருந்தாலும் சேர்க்க வேண்டாம்.

கொள்முதலில், 16 பக்கத்தை ஓர் அச்சுப் படிவமாக எண்ணி விலை போடும் படிவக் கணக்கு இங்கே பொருந்தாது. ஒரே ஏ4 தாளை மூன்று முறை மடித்து, நடுவில் ஒரு வெட்டு போட்டால் எட்டுப் பக்க இதழ். படிவத்தில் பாதி. அதற்குக் கிடைக்கும் விலையில் ஓவியருக்கு அஞ்சல் செலவுகூடத் தேறாது. அச்சிட்ட விலைக்கே, ஓவியரின் ரசீதை ஏற்று, சில்லறைச் செலவில் வாங்க அனுமதி பெறுங்கள். ஐ.எஸ்.பி.என். இல்லை என்பதற்காகத் தள்ளாதீர்கள். எதிலும் இரண்டு பிரதி வாங்குங்கள், ஒன்று வாசிக்க, ஒன்று வைக்க. தமுக்கம் புத்தகத் திருவிழா நாட்களில் ஒரு மேசை போட்டு "உங்கள் இதழை இங்கே விற்கலாம்" என்று எழுதி வைத்தால் பாதித் தேடல் மிச்சம்.

ஸ்கேன் செய்வதற்குச் சட்டத்தில் இடமிருக்கிறது. பதிப்புரிமைச் சட்டம் 52(1)(n) பிரிவுப்படி, அச்சுப் பிரதியைக் கையில் வைத்திருக்கும் வணிக நோக்கமற்ற பொது நூலகம் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்கலாம். இணையத்தில் போடுவது வேறு, அதற்கு ஓவியரின் அனுமதி தேவை. 300 டி.பி.ஐ.யில் எடுத்தால் ரிசோவின் புள்ளிகள் அலையலையாகத் தெரியும். 600 வையுங்கள், டிஃப் கோப்பாக. விரித்த ஏ5 ஒன்றுக்குச் சுமார் 100 எம்.பி., 24 பக்க இதழுக்கு ஒன்றேகால் ஜி.பி. வரும். ஃப்ளோரசன்ட் இளஞ்சிவப்பு மட்டும் எந்த ஸ்கேனரிலும் சரியாக வராது, திரையில் மங்கிய ரோஸாகவே நிற்கும். ஸ்கேன் ஆகிவிட்டதே என்று அச்சுப் பிரதியைக் கழித்துக் கட்ட முடியாது என்பதற்கு இது ஒன்றே போதும். அதே மை வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்கும் என்பதால் கண்காட்சிப் பெட்டியில் 50 லக்ஸுக்கு மேல் வேண்டாம்.

வாசகருக்குக் கையுறை கொடுக்காதீர்கள். கையுறையோடு மெல்லிய தாளைப் புரட்டினால் கிழியும். கை கழுவி, துடைத்து, காயவிட்டு வரச் சொன்னால் போதும். பேனாவை வெளியே வைக்கச் சொல்லுங்கள்.

தேர்வுக் குழுவுக்கு முதலாண்டுப் பட்டியல் ஒன்றை, விலையோடும் வாங்கும் வழியோடும் தயாரித்துத் தருகிறோம். ஸ்டேப்ளர் பின்னை எடுத்துவிட்டு நூலால் தைக்கும் முறையை உங்கள் பணியாளர்களுக்கு நேரில் செய்துகாட்டவும் வருகிறோம். எங்களிடம் இரட்டைப் பிரதியாக இருப்பவற்றை நன்கொடையாகக் கொடுக்கவும் தயார். ஒரே நிபந்தனை: 'கட்டு போடுவதில்லை, சீல் குத்துவதில்லை, கழிவு செய்ய நேர்ந்தால் கொடுத்தவருக்கே திருப்பித் தரப்படும்' என்ற மூன்று வரிகள் நன்கொடைப் படிவத்தில் இருக்க வேண்டும். படிவத்தின் வரைவை அனுப்பினால் அந்த வாரமே பிரதிகளைக் கொண்டுவந்து ஒப்படைக்கிறோம்.

இப்படிக்கு,
மதுரை, மேலூர், திருமங்கலம் பகுதிச் சிற்றச்சு காமிக்ஸ் வாசகர்கள்