ஜெர்சி ஃப்ளெக் யார் என்பதை இளம் ஆட்டக்காரர்களுக்குச் சொல்லுங்கள்

நியூ சவுத் வேல்ஸ் ரக்பி லீக் நிர்வாகக் குழுவினர் அவர்களுக்கு,

வணக்கம். ஜெர்சி ஃப்ளெக் கோப்பைக்காக ஆடும் இளைஞர்களுக்கு, ‘ஜெர்சி’ என்ற பட்டப்பெயரால் அறியப்பட்ட ஹென்றி ஃப்ளெக்கின் வரலாற்றை ஒவ்வோர் ஆட்டப்பருவத்தின் தொடக்கத்திலும் கழகங்கள் வாயிலாகச் சொல்ல ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1878இல் இங்கிலாந்தின் போல்டனில் பிறந்த ஃப்ளெக், சிட்னியில் ரக்பி லீக் போட்டிகள் தொடங்கிய 1908இலேயே ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் அணிக்காகக் களமிறங்கினார். அன்று அது துணிச்சலான முடிவு. முந்தைய ஆண்டில் ஆட்டத்தில் காயமுற்று வேலைக்குப் போக இயலாமற்போன சிட்னி ஆட்டக்காரர் அலெக் பர்டனுக்கு, அதுவரை ரக்பியை நடத்திவந்த பழைய அமைப்பான ரக்பி யூனியன் இழப்பீடு எதுவும் தராததால், அன்றாடக் கூலியை இழந்து ஆட வேண்டியிருந்த உழைப்பாளிகளிடையே மூண்ட கொதிப்பே புதிய லீக் பிறந்ததற்கான முதன்மைக் காரணங்களுள் ஒன்று. அதில் சேர்ந்தவர்களையோ யூனியன் வாழ்நாள் முழுதும் விலக்கிவைத்தது.

ஆட்டத்தை விட்ட பின்னர் நிர்வாகத்துக்கு வந்த ஃப்ளெக், 1929 முதல் 1960இல் காலமாகும்வரை தங்கள் அமைப்பின் தலைவராகவும், 1941 முதல் ஆஸ்திரேலிய ரக்பி லீக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவராகவும் இருந்தார். பொருளாதாரப் பெருமந்தமும் இரண்டாம் உலகப்போரும் குறுக்கிட்ட காலத்திலும் சிட்னிப் போட்டிகள் நிற்கவில்லை. ஒரே மனிதர் 31 ஆண்டுகள் தலைமைப் பதவியில் நீடித்தது எந்த அமைப்புக்கும் நல்லதன்று என்பதே என் கருத்து. அவரைப் பற்றிச் சொல்லும்போது இதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், இழப்பீட்டுக்காக எழுந்த ஓர் இயக்கத்தில் தாமே ஆடியவர் பின்னர் அதே அமைப்பின் தலைமையில் அமர்ந்தார் என்பது இளம் வீரர்கள் அறிய வேண்டிய செய்தி.

1961இல் தொடங்கிய இக்கோப்பை, தேசிய இளைஞர் போட்டி நடந்த 2008 முதல் 2017 வரை இடைநின்று, 2018இல் மீண்டும் வந்தது. பழைய பெயரை மீட்ட தாங்கள், அதன் காரணத்தையும் மீட்க வேண்டும். இதற்கெனப் பெருஞ்செலவு தேவையில்லை. காயம் ஏற்பட்டால் கிடைக்கும் காப்பீடு, மருத்துவச் செலவு, விடுபட்ட வேலைநாள்களுக்கான ஈடு ஆகியவற்றை ஆட்டக்காரர்களுக்கு விளக்கும் கூட்டத்தையே பர்டனின் கதையோடும் ஃப்ளெக்கின் கதையோடும் தொடங்கலாம். பேசுபவர், ஆடிய பின் நிர்வாகத்துக்கு வந்த ஒருவராக இருந்தால் மிகவும் பொருந்தும். அத்தகையோர் தங்களிடையே இன்றும் இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

வரும் பருவத்துக்கான கால அட்டவணையை இறுதி செய்யுமுன் இதைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
சிட்னி ரசிகன் ஒருவன்