யார் சொன்னது என்று போடுங்கள்: தமிழ்ச் செய்தி சேனல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். சென்னை காசிமேட்டிலிருந்து எழுதுகிறேன்.

2025 மே 8ஆம் தேதி இரவு. பாகிஸ்தான் மீது நம் ராணுவம் நடத்திய ஆபரேஷன் சிந்தூர் தொடங்கி இரண்டாவது நாள். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடந்தன, ஆண்கள் பாதிப் பேர் தெருமுனை டீக்கடையில்தான் இருந்தார்கள். அங்கே ஓடிய டிவியில் திடீரென்று சிவப்புப் பட்டையில் ஒரு செய்தி: கராச்சி துறைமுகத்தை நம் கடற்படை தாக்கிவிட்டது. கடையே கைதட்டியது. பக்கத்து வீட்டு அக்கா மட்டும் என்னிடம் ஓடி வந்தார். அவர் மகன் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறான், அன்று துபாயிலிருந்து குஜராத்தில் இருக்கும் முந்த்ரா துறைமுகத்துக்கு வந்துகொண்டிருந்தான். "தம்பி, அந்தப் பக்கமாத்தான் வரணும்னு சொன்னானேப்பா" என்றார். விடியும்வரை போனைக் கையில் பிடித்தபடி வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அனுப்பிய மெசேஜுக்கு ஒரே ஒரு டிக். அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கராச்சி துறைமுகத்தில் அன்று தாக்குதல் எதுவும் நடக்கவில்லை. மே 11 அன்று டெல்லியில் முப்படை அதிகாரிகள் நிருபர்களைச் சந்தித்தபோது, கடற்படையின் வைஸ் அட்மிரல் ஏ.என். பிரமோத் என்ன சொன்னார்? கராச்சி உள்படத் தேர்ந்தெடுத்த இலக்குகளைத் தாக்கும் நிலையில் கடற்படை தயாராக இருந்தது என்றார். தயாராக இருந்தது, அவ்வளவுதான். அப்படியானால் தாக்கியாகிவிட்டது என்று மே 8 இரவு உங்களுக்குச் சொன்னது யார்? பல தேசிய சேனல்களிலும் இதே செய்தி ஓடியது, தெரியும். அவர்கள் போட்டார்கள், நாங்களும் போட்டோம் என்பது எனக்குப் பதிலாகத் தெரியவில்லை.

உங்களில் எந்த சேனல் எந்தக் கட்சிக்கு வேண்டியது என்று எங்கள் தெருவில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். மழைநீர் வடிகால் பற்றிய செய்தி என்றால் அதற்குத் தக்கபடி கழித்துக்கொண்டுதான் கேட்போம். சந்தேகம் வந்தால் நாங்களே போய் வடிகாலை எட்டிப் பார்த்துவிடலாம். எல்லையில் ஒரு விமானம் விழுந்ததா இல்லையா என்பதை எங்கே போய்ப் பார்ப்பது? அங்கே எங்களுக்கு இருப்பது நீங்கள் சொல்லும் சொல் மட்டும்தான்.

மே 31 அன்று முப்படைத் தலைமைத் தளபதி அனில் சௌகான் சிங்கப்பூரில் பேசியதை எடுத்துக்கொள்ளுங்கள். விமானங்களை இழந்தோம் என்பதை ஒப்புக்கொண்டார். ஆறு இந்திய விமானங்களை வீழ்த்தியதாகப் பாகிஸ்தான் சொல்வது தவறு என்றார். எங்கே பிசகியது என்று கண்டுபிடித்து, சரிசெய்து, இரண்டு நாளில் மறுபடி பறந்தோம் என்றும் சொன்னார். அன்று மாலை சேனல் மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒன்றில் முதல் விஷயம் மட்டும் தலைப்பு, மற்ற இரண்டும் காணோம். இன்னொன்றில் முதல் விஷயத்தையே காணோம். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. வெட்டிய இடத்தில்தான் கட்சி தெரிந்தது.

அரசு சொன்னதை அப்படியே போட்டால் பிரச்சினை இல்லையே என்பீர்கள். இந்த ஊருக்கு அதிலும் அனுபவம் உண்டு. 1942 ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் ஜப்பான் குண்டு போட்ட பிறகு, அந்தக் கப்பற்படை மதராஸுக்கு வருகிறது என்று நம்பி, ஜனங்களை ஊரைவிட்டுக் கிளம்பச் சொன்னது அரசாங்கமேதான். சென்ட்ரல் பக்கம் இருந்த மிருகக்காட்சி சாலையில் கூண்டிலிருந்த விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தப் படை வரவே இல்லை. 1914 செப்டம்பர் 22 அன்று ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் துறைமுகப் பக்கம் எண்ணெய்த் தொட்டிகள் மேல் குண்டு போட்டபோது வந்தது நிஜமான கப்பல். 1942இல் வந்தது வெறும் தகவல். இரண்டு தடவையும் ஜனம் ஒரே மாதிரிதான் ஓடியது.

அதனால், அரசு சொன்னாலும் அரசு சொன்னது என்று போடுங்கள். பாதுகாப்பு அமைச்சகம் சொல்கிறது, பாகிஸ்தான் ராணுவம் சொல்கிறது, எங்கள் நிருபர் நேரில் பார்த்தார், இன்னும் உறுதியாகவில்லை: அந்தச் சிவப்புப் பட்டையில் இதற்கு இடம் இருக்கிறது. விவாதத்துக்கு வரும் ஓய்வுபெற்ற அதிகாரி இப்போது ஒரு கட்சியில் இருந்தாலோ, ஆயுதம் விற்கும் கம்பெனிக்கு ஆலோசகராக இருந்தாலோ, அவர் பெயருக்குக் கீழே அதையும் எழுதுங்கள்.

அப்புறம் வீடியோக்கள். ஆர்மா 3 என்ற கம்ப்யூட்டர் விளையாட்டின் காட்சிகளைப் போர்க் காட்சி என்று பலர் பரப்பியதால், அதை உருவாக்கிய நிறுவனமே 2022இல் அடையாளங்களைச் சொல்லியது: மங்கலாக இருக்கும், ஆடும், பெரும்பாலும் இருட்டில் இருக்கும், சத்தம் இருக்காது, ஆட்கள் நடமாட்டம் அபூர்வம். இதைச் சரிபார்க்க உங்கள் டெஸ்க்கில் ஐந்து நிமிடம் போதும்.

தவறு நடந்தால், சொன்ன அதே நேரத்தில், அதே அளவு எழுத்தில் திருத்துங்கள். ஈராக்கில் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாக எழுதியதில் கவனக்குறைவு இருந்தது என்று நியூயார்க் டைம்ஸ் 2004 மே 26 அன்று ஒப்புக்கொண்டது. போர் தொடங்கி ஒரு வருஷம் கழித்து, அதுவும் உள்பக்கத்தில். அவ்வளவு தாமதமாக வந்தால் யாருக்கு என்ன பயன்? ஆனாலும் ஒப்புக்கொண்டார்கள். நான் பார்த்த சேனலில் அதுகூட வரவில்லை.

எங்களுக்குத் தெற்கே துறைமுகம், வடமேற்கே மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. 2025 மே 7 அன்று துறைமுகத்தில் போர்க்காலப் பாதுகாப்பு ஒத்திகை நடந்தது. இன்னொரு இரவில் உங்கள் பட்டையில் எங்கள் ஊர் தாக்கப்பட்டதாகத் தப்பாக வந்துவிட்டால், இந்தக் குறுகலான சந்துகளில் எத்தனை பேர் மிதிபடுவார்கள் என்று ஒரு தடவை நேரில் வந்து பாருங்கள்.

அக்காவின் மகன் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டான். மே 8 இரவு அந்தச் செய்தி எங்கிருந்து வந்தது, யார் சரிபார்த்தார்கள் என்பதை உங்கள் திரையிலேயே சொல்லுங்கள். அவரிடம் நான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
காசிமேட்டிலிருந்து உங்கள் நேயர் ஒருவர்