குளிர் விட்டுப்போய் வந்த அலுமினியத் தகடுகள்: மாற்றித் தரக் கோரி

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

99.999 சதவீதத் தூய்மையுள்ள மெல்லிய அலுமினியத் தகடுகள் பத்து உங்களிடம் வாங்கினேன். 600 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, பனிக்கட்டி நீரில் சட்டென்று முக்கி, அப்புறம் திரவ நைட்ரஜனிலேயே வைத்து அனுப்ப வேண்டும் என்று ஆர்டரில் தெளிவாக எழுதியிருந்தேன். வந்ததோ சாதாரண அட்டைப் பெட்டி. உள்ளே இருந்த குப்பியைக் கையில் எடுத்தபோது கொஞ்சமும் சில்லென்று இல்லை. மூன்று நாள் அப்படியே பயணம் செய்திருக்கிறது.

தொலைபேசியில் பேசிய உங்கள் ஊழியர், "தூய்மைச் சான்றிதழ் சரியாகத்தானே இருக்கிறது, அலுமினியம் என்ன கெட்டுப்போகிற பொருளா?" என்று கேட்டார். நான் வாங்கிய வேலைக்கு அது கெட்டுப்போகிற பொருள்தான்.

600 டிகிரியில் அலுமினியப் படிகத்தில் பத்தாயிரம் அணு இடங்களுக்குச் சில இடங்கள் காலியாக இருக்கும். மெதுவாக ஆறவிட்டால் அந்தக் காலியிடங்கள் மேற்பரப்புக்கோ, உலோகத்தின் சிறு படிகங்களான மணிகள் ஒன்றையொன்று தொடும் மணி எல்லைக்கோ போய் மறைந்துவிடும். அறை வெப்பத்தில் நூறு கோடிக்கு ஒன்றுகூட மிஞ்சாது. சட்டென்று குளிர்வித்தால் தப்ப நேரமில்லாமல் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். மைனஸ் 196 டிகிரியில் வைத்திருந்தால் அசையாது. அறை வெப்பத்துக்கு வந்ததுமே நகர ஆரம்பித்து, ஒன்றோடு ஒன்று சேர்ந்து, ஓர் அணு அடுக்கு கனத்தில் வட்டமாகப் பரவும். அந்த வட்டம் பெரிதானதும் மேலும் கீழும் உள்ள அடுக்குகள் அதற்குள் சரிந்து, ஓரம் ஒரு டிஸ்லொகேஷன் வளையமாக, அதாவது அணு அடுக்குகளின் ஒழுங்கு குலைந்த ஒரு வளையக் கோடாக, நிற்கும். குளிர்வித்த அலுமினியத்தில் இந்த வளையங்களை பிரிட்டன் விஞ்ஞானி பீட்டர் ஹிர்ஷும் உடன் பணிசெய்தவர்களும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து 1958இலேயே வெளியிட்டுவிட்டார்கள்.

எனக்கு வேண்டியது சேருவதற்கு முந்தைய நிலை. காலியிடங்கள் எப்படிக் கூடுகின்றன என்பதை முதல் நிமிடத்திலிருந்து அளப்பதுதான் என் சோதனை. உங்கள் தகட்டை நுண்ணோக்கியில் வைத்தால் மணிகளின் நடுவெல்லாம் வளையங்கள். மணி எல்லையை ஒட்டி மட்டும் ஒரு பட்டை வெறுமையாக இருக்கிறது. அங்கிருந்த காலியிடங்கள் எல்லைக்குள் ஓடிவிட்டன. இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: வளையங்கள் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால், உங்கள் உலையில் வேலை பார்த்தவர் நன்றாகவே குளிர்வித்திருக்கிறார். அவர் உழைப்பைப் பெட்டி கட்டிய இடத்தில் வீணாக்கிவிட்டீர்கள்.

"200 டிகிரிக்குக் கொஞ்சம் சூடாக்குங்கள், வளையம் போய்விடும்" என்ற யோசனையும் வந்தது. போய்விடும், சரி. ஆனால் கூடவே காலியிடங்களும் வெளியேறிவிடும். பழைய நிலை வேண்டுமென்றால் மறுபடி 600 டிகிரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்த உலை என்னிடம் இல்லாததால்தான் உங்களிடம் வந்தேன்.

ஆகவே பத்துத் தகடுகளையும் புதிதாகக் குளிர்வித்து, திரவ நைட்ரஜன் குடுவையில், வழிநெடுக வெப்பநிலையைப் பதியும் கருவியோடு அனுப்புங்கள். அது முடியாதென்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். நுண்ணோக்கிப் படங்களை இத்துடன் இணைத்திருக்கிறேன். வந்த தகடுகளில் நான் சோதித்த ஒன்றைத் தவிர மற்றவை பிரிக்காமலே இருக்கின்றன. ஆள் அனுப்பினால் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்