பாலத்தை விட்டு வந்த உன் பலாடின்

அன்புள்ள கண்ணம்மா,

நேற்று ராத்திரி போனில் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நீ நண்பர்களோடு ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதை ஆட்டத்தில், ஊர் ஜனங்கள் ஆற்றைக் கடந்து முடிக்கும் முன்பே உன் கேரக்டர், சத்தியம் செய்து வாளேந்திய அந்தப் பலாடின், பாலத்தை விட்டு ஓடிவந்துவிட்டாள். "ஹிட் பாயிண்ட் 7தான் இருந்ததுப்பா, வேறென்ன செய்ய?" என்று அவள் உயிர்க் கணக்கைச் சொல்லிக் கேட்டாய். சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் உன் குரலே சரியில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஓடியது தப்பு என்று சொல்ல வரவில்லை. பயந்து ஓடுகிற பலாடினும் நல்ல கேரக்டர்தான். ஆனால் ஓடியது அவளா, நீயா? எளியவர்களைக் கைவிட மாட்டேன் என்று சத்தியம் செய்தவள் அவள். 7 என்ற எண் அவளுக்குத் தெரியாது. கை நடுங்கும், வாள் கனக்கும், பின்னால் ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்கும், அவ்வளவுதான். அவள் கணக்கெல்லாம் எழுதிய ஷீட்டைப் பார்த்தது நீ. இரண்டு வருஷமாக வளர்த்தவள் போய்விடுவாளே என்று பதறியதும் நீ.

அந்தப் பதற்றம் எனக்கும் தெரியும். நாம் வீட்டில் சேர்ந்து ஆடிய நாட்களில் நான் ஆடிய திருடன் கேரக்டரின் ஷீட்டில் ஹிட் பாயிண்ட் கட்டம் அழித்து அழித்தே நைந்து ஓட்டை விழுந்தது. பின்பக்கம் தாள் ஒட்டி ஆடினேன். துணிச்சல்காரன் என்று எழுதி வைத்துவிட்டு, ஒரு கதவைக்கூட அவனை முதலில் திறக்க விடவில்லை. மூன்று வருஷம் உயிரோடு இருந்தான். அவன் செய்த ஒரு காரியமும் இன்று நினைவில்லை. உன் அண்ணன் ஆடிய குள்ளன் கேரக்டர் நான்காவது ஆட்டத்திலேயே செத்தான். வாசலை மறித்துக்கொண்டு "நீங்கள் போங்கள்" என்று அவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

ஆட்ட விதியும் நீ பயந்த அளவுக்குக் கொடுமையானது இல்லை. 1974-இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்தபோது ஹிட் பாயிண்ட் தீர்ந்தால் சாவுதான். நீங்கள் ஆடும் ஐந்தாம் பதிப்பில், பூஜ்யத்துக்கு விழுந்த பிறகும் உன் முறை வரும்போதெல்லாம் 20 முகப் பகடையை உருட்டலாம். பொதுவாக மூன்று முறை 10-க்குக் குறைந்தால்தான் சாவு. 20 விழுந்தாலோ கண் திறந்துவிடுவாள். செத்தே போனாலும், ஒரு நிமிஷத்துக்குள் 300 பொன் மதிப்புள்ள வைரத்தை வைத்து உங்கள் குழுவின் பூசாரியான கிளெரிக் மந்திரத்தால் மீட்கலாம்.

அதற்காக, "என் கேரக்டர் இப்படித்தான் செய்யும்" என்று மற்ற நான்கு பேரையும் சாவுக்கு இழுத்துப் போவதையும் என்னால் ஏற்க முடியாது. அவளை எழுதுகிறவள் நீ. உன் அண்ணனுடைய குள்ளனைப் போல, தான் நின்று மற்றவர்களைப் போகச் சொல்லவும் அவளுக்குத் தெரியும்.

சரி, ஓடிவிட்டாள். இனி அதுவும் அவள் கதைதான். ஆட்டத்தை நடத்தும் டிஎம்மிடம் பேசு. சத்தியத்தை மீறிய பலாடின் ராத்திரி முழுக்க விழித்திருந்து பிரார்த்திக்கலாம், பட்டினி கிடக்கலாம் என்று விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது. அதை ஒரு வரியில் சொல்லி முடித்துவிடாதே. மேசையில் எல்லோர் முன்னாலும் அவள் குரலிலேயே பேசு. அழுகை வந்தால் வரட்டும்.

அடுத்த ஆட்டம் முடிந்ததும் எத்தனை மணியானாலும் கூப்பிடு. அந்தக் குழந்தை கரை சேர்ந்ததா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
அப்பா