பல்கலைக்கழக ஆசிரியரல்லாத பணியாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, சங்க நிர்வாகிகளே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் தோழர்களே, ஓய்வுபெற்ற பிறகும் ஒரு கூட்டம் விடாமல் வந்து முன்வரிசையில் உட்காரும் மூத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம். இந்த ஆண்டில் நம்மை விட்டுப் பிரிந்த உறுப்பினர்களுக்குச் சங்கத்தின் அஞ்சலி. அவர்களில் பணியில் இருக்கும்போதே இறந்தவர்களின் வாரிசுகள் கருணை அடிப்படையில் வேலை கேட்டுக் கொடுத்த மனுக்கள் இன்னும் கோப்பிலேயே கிடக்கின்றன. அதற்காகத் தனித் தீர்மானம் வருகிறது.

முதலில் சம்பளம். மாதத்தின் கடைசி வேலை நாளில் ஏற வேண்டிய சம்பளம் இந்த ஆண்டும் பல மாதங்கள் தள்ளித்தான் வந்தது. ஓய்வூதியர்களின் நிலை இன்னும் மோசம். நம்மை வெளியில் எல்லோரும் அரசு ஊழியர் என்றே நினைக்கிறார்கள். ஆனால் நம் சம்பளம் கருவூலத்திலிருந்து வருவதில்லை, பல்கலைக்கழகத்தின் சொந்த நிதியிலிருந்துதான் வருகிறது. புதிய உறுப்பினர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அரசு மொத்தமாகத் தரும் மானியமான பிளாக் கிராண்ட் செலவில் ஒரு பகுதிக்குத்தான் காணும். உள்ளாட்சி நிதித் தணிக்கையில் ஆட்சேபணை விழுந்தால் அதிலும் கை வைப்பார்கள். மீதியைத் தேர்வுக் கட்டணமும், கல்லூரிகளின் இணைப்புக் கட்டணமும், தொலைநிலைக் கல்வியும் தாங்கி வந்தன. 2013-ல் மாநிலப் பல்கலைக்கழகங்கள் தங்கள் எல்லைக்கு வெளியே படிப்பு மையம் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2017 விதிகளில் தொலைநிலைக் கல்விக்கு, கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் மதிப்பெண் நிபந்தனையும் சேர்ந்தது. அந்த வருமானம் வற்றிப்போனது, ஓய்வுபெறுவோர் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகிறார்கள். ஆகவே "பணியாளர் செலவுதான் அதிகம்" என்று யார் சொன்னாலும் நாம் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை. சம்பளமும் ஓய்வூதியமும் கருவூலம் வழியாக வர வேண்டும் என்பதே நம் கோரிக்கை. ஆசிரியர் சங்கத்தோடு சேர்ந்து கூட்டு நடவடிக்கைக் குழு அமைத்து வாயிற்கூட்டங்களும் ஒருநாள் தர்ணாவும் நடத்தினோம்.

அரசே எடுத்துக்கொள்ளட்டும் என்று கேட்கும்போது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் அனுபவத்தையும் நாம் மனதில் வைக்க வேண்டும். நிதி நெருக்கடிக்குப் பிறகு 2013-ல் தனிச் சட்டம் கொண்டுவந்து அரசு அதை ஏற்றது. அப்புறம் உபரி என்று கணக்கிடப்பட்டவர்கள் பணிநிரவல் என்ற பெயரில் பல மாவட்டங்களின் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். அதனால்தான் நம் மனுவில் "யாரையும் உபரி ஆக்காமல்" என்ற வரியையும் சேர்த்திருக்கிறோம்.

அகவிலைப்படி 2024 ஜூலை முதல் 50-லிருந்து 53 சதவீதமானது. அரசாணை வந்த பிறகும் நம் கைக்கு வந்துசேரத் தாமதம்தான். 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களின் பங்களிப்பு ஓய்வூதியப் பிரச்சினையை ஆராய, ஐ.ஏ.எஸ். அதிகாரி ககன்தீப் சிங் பேடி தலைமையில் மூவர் குழுவை அரசு 2025 பிப்ரவரியில் அமைத்தது. பல்கலைக்கழகப் பணியாளர்களையும் கணக்கில் எடுக்கும்படி குழுவுக்கு மனு அனுப்பியுள்ளோம்.

இனி இந்த ஆண்டு சங்கத்தின் பெரும் பகுதி நேரத்தை எடுத்துக்கொண்ட விஷயத்துக்கு வருகிறேன். அது தொகுப்பூதிய (படிகள் இல்லாமல் மாதம் ஒரே தொகை பெறும்), தினக்கூலித் தோழர்களின் வழக்கு.

தேர்வுப் பிரிவுக்குள் போய்ப் பாருங்கள். விடைத்தாள் கட்டைப் பிரித்து, பதிவெண் உள்ள பகுதியைக் கிழித்து, அடையாளம் தெரியாதபடி மாற்று எண்ணான டம்மி நம்பர் போட்டு, கட்டு கட்டித் திருத்தும் முகாமுக்கு அனுப்புகிறவர்களில் பெரும்பாலோர் தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள். ஓர் எண் மாறினால் ஒரு மாணவனுடைய மதிப்பெண் இன்னொருவனுக்குப் போய்விடும். அவ்வளவு பொறுப்பான வேலை. ஆனால் ஆணை 89 நாளுக்குத்தான். முடிந்ததும் ஒரு நாள் இடைவெளி, மறுபடி புதிய ஆணை. அந்த ஒரு நாளிலும் இவர்களில் பலர் வேலைக்கு வந்திருக்கிறார்கள். கையெழுத்து போட மட்டும் விடவில்லை.

இந்த வேலைகளை மொத்தமாக ஒரு வெளி முகமையிடம் கொடுக்கக் கோப்பு நகர்கிறது என்று தெரிந்ததும் செயற்குழு அவசரமாகக் கூடியது. நடப்பு ஆணைகள் முடிவதற்குள் தொழிலாளர் உதவி ஆணையர் (சமரசம்) முன்பு, தொழில் தகராறு சட்டத்தின் 2(கே) பிரிவில் வரும் தொழில் தகராறு எழுப்பினோம். சமரசப் பேச்சு நிலுவையில் இருக்கும்போது, தகராறுக்கு உட்பட்டவர்களின் பணி நிலைமைகளை அவர்களுக்குப் பாதகமாக மாற்ற, அப்போது நடப்பில் இருந்த 1947 தொழில் தகராறு சட்டத்தின் 33-ஆவது பிரிவு தடை போட்டது. கொஞ்சம் தாமதித்திருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடைத்திருக்காது. அவர்களை நிரந்தரமாக்காமல் ஆண்டுக்கணக்கில் தற்காலிகமாகவே வைத்திருப்பது அதே சட்டத்தின் 5-ஆவது அட்டவணைப்படி நேர்மையற்ற தொழிலாளர் நடைமுறையாகக் கருதப்பட்டது. நம் வழக்கின் அடிப்படை இதுதான். இரண்டு ஆண்டில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்கச் சொல்லும் தமிழ்நாட்டுச் சட்டத்தை ஏன் பிடிக்கவில்லை என்று பலர் கேட்டார்கள். 1981-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் தனக்கு உட்பட்ட நிறுவனங்களைத் தொழிற்சாலை, தோட்டம், கடை என்று வரையறுத்துச் சொல்கிறது. பல்கலைக்கழகம் அதற்குள் வருமா என்ற வாதத்திலேயே வருடங்கள் ஓடிவிடும் என்பது நம் வழக்கறிஞரின் கருத்து.

எதிர்த்தரப்பான பல்கலைக்கழக நிர்வாகம் எடுத்த முதல் ஆட்சேபணை, பல்கலைக்கழகம் ஒரு தொழிலே அல்ல, எனவே தொழில் தகராறு சட்டம் அதற்குப் பொருந்தாது என்பது. இது பழைய கதை. மாணவிகளுக்காக டில்லி பல்கலைக்கழகம் ஓட்டிய பஸ்ஸின் டிரைவர் ராம் நாத். பஸ்ஸை நிறுத்தியதும் அவர் வேலை போனது. கல்வி தொழில் ஆகாது என்று சொல்லி 1963-ல் உச்ச நீதிமன்றம் அவர் கோரிக்கையைத் தள்ளிவிட்டது. 1978-ல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பெழுதிய ஏழு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, பல்கலைக்கழகத்தையும் தொழில் வரையறைக்குள் கொண்டுவந்தது. அந்தத் தீர்ப்பை மறுபரிசீலிக்கும் கேள்வி 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. நாங்கள் பதில் கொடுத்தபோது நடைமுறையில் இருந்தது 1978 தீர்ப்புதான். அதையே எழுத்தில் கொடுத்தோம்.

ஆதாரம் சேர்த்ததுதான் உண்மையான பாடு. அதிகாரபூர்வ வருகைப் பதிவேட்டில் இடைவெளிகள் அழகாகக் காட்டப்பட்டிருந்தன. வேறு இடங்களில் தேடினோம். முகாம் பணி ஒதுக்கீட்டு ஆணைகள், வாயிற்காவல் பதிவேடு, பி.எஃப். பாஸ்புக், வங்கிப் பாஸ்புக் எல்லாம் சேர்த்தோம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) மனுக்கள் போட்டோம். 30 நாளில் பதில் வராததால் மேல்முறையீடு செய்தோம். கடைசியில் தபால் பிரிவின் டெஸ்பாட்ச் பதிவேட்டு நகல் கிடைத்தது. நம் தோழி ஒருவர் பணியிலேயே இல்லை என்று காட்டப்பட்ட தேதியில், வரிக்கு வரி அவருடைய சுருக்கொப்பம் இருந்தது. உதவி ஆணையர் அந்தப் பக்கத்தை வாங்கி இரண்டு முறை பார்த்தார். நகல் எடுத்தது, பெயர்வாரியாகப் பட்டியல் போட்டது எல்லாம் அந்தத் தோழர்களே, வேலை முடிந்து மாலையில் சங்க அறையில் உட்கார்ந்து செய்தது. அவர்களை இந்தப் பொதுக்குழு பாராட்ட வேண்டும்.

இதற்கிடையே 2024 டிசம்பர் 20-ல் ஜக்கோ வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. மத்திய நீர் ஆணையத்தில் நீண்டகாலம் துப்புரவும் தோட்ட வேலையும் பார்த்து 2018-ல் நீக்கப்பட்டவர்களை நிரந்தரப்படுத்தச் சொன்ன தீர்ப்பு அது. தற்காலிகப் பணியாளர்கள் நிரந்தரத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்ற 2006 உமாதேவி தீர்ப்பைக் காட்டியே நீண்டகாலப் பணியாளர்களை ஒதுக்கிவிட முடியாது என்று நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. நகலை மறுவாய்தாவிலேயே தாக்கல் செய்தோம். பேச்சு இன்னும் முடியவில்லை. முகமைக் கோப்பு நின்றிருக்கிறது. ஒருவர் வேலையும் போகவில்லை.

இதையொட்டித்தான் இன்றைய சங்க விதித் திருத்தம். இதுவரை இந்தத் தோழர்கள் நம் சங்கத்தில் இணை உறுப்பினர்கள் மட்டுமே, ஓட்டு கிடையாது. இவர்களுக்கு ஓட்டுரிமை தந்தால் நிரந்தரப் பணியாளர்களின் குரல் அடங்கிவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒருவர் ஓய்வுபெற்றால் அந்த நாற்காலிக்கு நிரந்தர ஆள் வருவதில்லை, 89 நாள் ஆணைதான் வருகிறது. இப்படியே போனால் பேச்சுவார்த்தை மேசையில் யாருடைய பலத்தில் உட்காருவோம்? முழு உறுப்பினர் உரிமை, குறைந்த சந்தா, செயற்குழுவில் இடம் ஆகிய மூன்றையும் தர வேண்டும் என்று செயற்குழு ஒருமனதாகப் பரிந்துரைக்கிறது.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வைப்பார். திருத்தத்தைத் துணைத் தலைவர் முன்மொழிவார். நிறைவேறினால் 15 நாளுக்குள் தொழிற்சங்கப் பதிவாளருக்கு நகல் அனுப்ப வேண்டும், அதற்கான தாள்கள் தயாராக உள்ளன. அறிக்கையை உங்கள் விவாதத்துக்கும் ஒப்புதலுக்கும் வைக்கிறேன்.

செயலாளர்