பட்டியலை வெளியிடுங்கள், அறங்காவலர்களே

மதிப்பிற்குரிய அறங்காவலர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் நம் புதுச்சேரியில் உங்கள் பழம்பொருள் காட்சிக்கூடத்தின் பின்வாசலில் மினி லாரி நிறுத்திச் சாமான் ஏற்றியதைத் தெருவே பார்த்தது. "பராமரிப்புக்குப் போகுது" என்றார் காவலாளி. எவை போயின, எங்கே போயின, எப்போது திரும்பும் என்று உங்கள் அலுவலகத்தில் கேட்டேன், பதில் இல்லை. அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன்.

நொத்தேர் என்ற பத்திர அலுவலர் முன்னால், கூடத்தை உருவாக்கிய பெரியவர் எழுதிய உயிலை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பொருட்கள் மக்கள் பார்வைக்கு. கடை வாடகையும் நுழைவுக் கட்டணமும் குப்பத்துப் பிள்ளைகளின் படிப்புக்கு. பழம்பொருள் வியாபாரி அவர், பேரத்தில் இரக்கம் பார்க்காதவர். செட்டிநாட்டுப் பக்கம் ஒரு வீடு இடிபடுகிறது என்றால் நிலைக்கதவைப் பெயர்க்கும் முன்பே அங்கே நிற்பார். ஆனால் கணக்கில் சுத்தம். எந்த ஊர், யாரிடம் வாங்கியது, எந்த வருஷம், என்ன விலை என்று ஒவ்வொரு பொருளின் முதுகிலும் ஒரு சீட்டு ஒட்டுவார்.

மழைக்காலம் முடிந்து ஒருமுறை என்னை உள்ளே விட்டீர்கள், நன்றி. கண்ணாடியின் பின்பக்கம் தீட்டிய ஓவியங்களைத் தரையிலேயே ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்திருந்தார்கள். தவழும் கண்ணன் படமொன்றில் வர்ணம் செதில் செதிலாக உதிர்ந்து, கன்னம் இருக்க வேண்டிய இடத்தில் பின்பலகை தெரிந்தது. அதையும் விடக் கொடுமை அந்தச் சீட்டுகள். ஈரத்தில் பசை விட்டு விழுந்தவற்றைக் குப்பையோடு பெருக்கி மூலையில் குவித்திருந்தார்கள். எந்தச் சீட்டு எந்தப் பொருளுடையது என்று இனி யாரைக் கேட்பது?

விருத்தாசலம் கோயிலில் திருடுபோன அர்த்தநாரீஸ்வரர் சிலை ஆஸ்திரேலியாவில் ஓர் அருங்காட்சியகம் வரை விலைபோய், 2014-இல் திரும்பி வந்தது. அது எந்த ஊர்ச் சாமி என்பதற்குச் சாட்சி, நம் ஊர்ப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1970-களில் எடுத்து வைத்திருந்த புகைப்படம். படமும் இல்லாமல் பட்டியலும் இல்லாமல் லாரி ஏறிய பொருளுக்கு நாளை யார் சாட்சி சொல்வார்கள்? நூறாண்டு கடந்த சிலைகளை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி பதிந்திருப்பீர்கள் என்றே நம்புகிறேன். பதிந்திருந்தால் அதையாவது காட்டலாமே.

வைத்திக்குப்பத்தில் மீன் விற்கும் என் தங்கையின் மகள் நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். முதல் ஆண்டு பாதிக் கட்டணம் உங்கள் அறக்கட்டளை கட்டியது. இந்த ஆண்டு போய் நின்றவளிடம், "பொருள் நிறைய இருக்கும்மா, பணம்தான் இல்லை" என்று சிரித்தாராம் உங்கள் எழுத்தர். அப்படியானால் லாரியில் போனது என்ன?

2014 நவம்பர் மழையில் பிரெஞ்சுக் காலத்து நகராட்சிக் கட்டடமான மேரி கட்டடமே இடிந்து விழுந்த ஊர் இது. பழசைப் பேணுவதில் நம் சாமர்த்தியம் உலகறிந்தது. ஆனால் வாரக்கடைசிக் கூட்டத்தைப் பிடிக்க 'பாரம்பரியம்' என்று பலகை மாட்டாத விடுதி இல்லை. உங்கள் பெயர்ப்பலகைக்கும் பொங்கலுக்குப் பொங்கல் புது வர்ணம் ஏறுகிறது. ஒழுகும் ஓட்டுக்கு மட்டும் நிதி வருவதில்லை. சரி, அது வேறு பேச்சு.

தயவுசெய்து, படத்தோடு முழுப் பட்டியலை வெளியிடுங்கள். வெளியே போனவற்றையும் அதில் சேருங்கள். அதுவரை ஒரு பொருளும் வாசல் தாண்ட வேண்டாம். அப்புறம், கல்லூரியில் கட்டணம் கட்ட இந்த மாதக் கடைசி வரைதான் கெடு. அந்தப் பிள்ளைக்கு உண்டா இல்லையா என்பதை மட்டும் அதற்கு முன் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
கூடத்தின் எதிர்வரிசையில் குடியிருப்பவன்