பெட்டிகளைக் கப்பலில் ஏற்றுமுன் வாசி

கிளிநொச்சி,
2024 செப்ரெம்பர் 14.

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. பாடசாலைத் தவணை தொடங்கும் காலமாகையால் வெள்ளைச் சட்டைகளுக்குள் மூழ்கிக் கிடந்தேன். அதனால்தான் பதில் பிந்தியது, கோபித்துக்கொள்ளாதே. கனடாவில் உன் ஸ்காபரோ வீட்டு முற்றத்தில் மேசை போட்டுப் பேரப்பிள்ளைகளின் உடுப்புகளையும் பழைய தட்டுமுட்டுச் சாமான்களையும் விற்றாய் என்றும், ஒரு டொலர் குறைக்கும்படி கேட்ட கிழவரோடு கால்மணி நேரம் வாதாடினாய் என்றும் வாசித்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலில் வளையல் விலை கேட்கக் கூச்சப்பட்டு என்னை முன்னே தள்ளிவிட்டு, என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து நின்றவள் நீதானே.

விற்காமல் மிஞ்சியவற்றை ஆறு பெட்டிகளில் கட்டி வைத்திருப்பதாகவும், அவற்றைக் கப்பலில் அனுப்பினால் இங்குள்ள ஏழைத் தாய்மாருக்கு நான் சும்மா பகிர்ந்து கொடுக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். கூடவே, "பழைய உடுப்பை நீ ஏன் காசுக்கு விற்கிறாய், கொடுத்தால் என்ன?" என்று ஒரு கேள்வியும் கேட்டிருக்கிறாய். அந்தக் கேள்வி என்னைச் சற்றுக் குத்தியது என்பதை மறைக்க மாட்டேன். ஆகவே பெட்டிகளைப் பற்றிப் பேசுமுன் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

நான் இந்த வேலையைத் தேடிப் போய்த் தொடங்கவில்லை. தையல்தான் என் தொழில். 2022 மார்ச்சில் ரூபாயின் பெறுமதியைச் சந்தையின் போக்குக்கே மிதக்க விட்ட பின்னர், 200 ரூபாயாக இருந்த டொலர் இரண்டு மாதங்களுக்குள் 360 ரூபாயளவுக்கு ஏறியதும், அந்த ஆண்டு செப்ரெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியதும் உனக்குச் செய்தியாகத் தெரிந்திருக்கும். எனக்கு அது, புதுத்துணி கொண்டு வருவோர் ஒருவர் பின் ஒருவராக நின்றுபோன காலமாகத்தான் நினைவில் இருக்கிறது. பெரியவளின் சட்டையைச் சின்னவளுக்கு வெட்டித் தரும்படியும், இடுப்பில் இலாஸ்ரிக் மாற்றித் தரும்படியும் வந்தவர்களுக்குத் தையற்கூலி கொடுக்கவும் கையில் காசு இருக்கவில்லை. அவர்களில் ஒருத்தி கூலிக்குப் பதிலாகத் தன் பிள்ளைக்கு அளவில்லாமற்போன நான்கு சட்டைகளை வைத்துவிட்டுப் போனாள். அவற்றைத் தோய்த்துக் காயவைத்து விறாந்தைக் கொடியில் தொங்கவிட்டேன். அன்று பின்னேரமே இரண்டு விலைப்பட்டுவிட்டன. கடை தொடங்கிய கதை அவ்வளவுதான். பெயர்ப்பலகை இன்றுவரை இல்லை.

சும்மா கொடுப்பதைப் பற்றி எனக்குத் தெரியாதென்று நினைக்காதே. சும்மா வாங்கியவள் நான். 2009இல் போரால் இடம்பெயர்ந்து செட்டிகுளத்தில் மெனிக் பாம் முகாமில் இருந்தபோது நிவாரண உடுப்பு வந்த நாளொன்று எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. வரிசையில் நின்ற என் கைக்கு வந்தது, நீளக்கை வைத்த ஆண்களின் சேட் ஒன்றும், பத்து வயதுப் பிள்ளைக்குரிய கவுண் ஒன்றும். என் மகளுக்கு அப்போது வயது நான்கு. எனக்குப் பின்னால் நின்றவளுக்குப் பொருத்தமான சிறிய கவுண் கிடைத்தது. அவளுக்கோ பிள்ளைகள் இல்லை. மாற்றித் தருமாறு கேட்கலாமென்று வாய் வரை வந்தும் கேட்கவில்லை, ஏனென்றால் தருவதை வாங்கிக்கொண்டு நகர வேண்டும், அதுதான் அங்கு ஒழுங்கு. கவுணைக் கூடாரத்துக்குள் வைத்துச் சவர அலகால் வெட்டிக் கைத்தையலில் இரண்டு சட்டையாக்கினேன். தந்தவர்கள் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்லவும், நிறம் பிடிக்கவில்லை என்று சொல்லவும், இதைவிட மற்றது நல்லது என்று சொல்லவும் முடியாமல் ஒரு தாய் தன் பிள்ளைக்கு உடுப்பு எடுப்பது எப்படியிருக்குமென்று அன்று அறிந்துகொண்டேன்.

கடை தொடங்கிய புதிதில் நானும் இந்தப் பிழையைச் செய்தேன். பக்கத்து ஒழுங்கையில் ஒருத்தி, கணவன் இல்லாதவள், நுண்கடன் வசூலிக்க வருகிறவர்களுக்குப் பயந்து கிழமையில் ஒரு நாள் வீட்டுக் கதவையே திறக்காதவள். பாவமென்று நினைத்து ஆறு சட்டைகளைப் பையில் போட்டுக் காசு வேண்டாம் என்று கொடுத்தேன். அதன்பின் அவள் என் வாசலால் போவதையே விட்டுவிட்டாள். சுற்றுவழியாகக் கடைக்குப் போனாள். மாறாக, போன வைகாசியில் அக்கராயன் பக்கமிருந்து ஓர் இளம் தாய் கைக்குழந்தையோடு வந்தாள். மஞ்சள் சட்டை ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் தையலைப் பார்த்தாள், உட்பக்கம் திருப்பினாள், கைக்குழியை முகர்ந்தாள். "அக்கா, கொளுக்கி ஒண்டு கழண்டிருக்கு. நூறுக்குத் தாங்கோ" என்றாள். நான் சொன்ன விலை 150. கொளுக்கியைத் தைத்துக் கொடுப்பதென்றும் 120 ரூபாய் என்றும் முடிந்தது. அவள் முகத்தில் இருந்த வெற்றியை நீ பார்த்திருக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து அதே சட்டையைத் தோய்த்து மடித்துக் கொண்டு வந்து, பிள்ளை வளர்ந்துவிட்டாள், இதை எடுத்துக்கொண்டு பெரிய அளவொன்று தாருங்கள் என்றாள். 60 ரூபாய் கழித்துக் கொடுத்தேன். அந்தச் சட்டை இப்போது மூன்றாவது பிள்ளையின் உடம்பில் இருக்கிறது. நான் வைக்கும் விலை, கையில் காசே இல்லாதவளும் ஒரு நாள் பொறுத்து வாங்கக்கூடிய விலைதான். ஆனால் விலை உண்டு.

உடுப்பில் எதை எடுப்பது, எதை விடுவது என்பதை அடிபட்டுத்தான் படித்தேன். வாழைக்கயர் பட்ட கறை எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது, அதை எடுப்பதில்லை. மாரியில் மடித்து வைத்த துணியில் விழும் கரும்புள்ளியும் அப்படித்தான். கழுத்தில் நீளக் கயிறு வைத்த குழந்தைச் சட்டைகளில் கயிற்றை உருவி எறிந்துவிட்டே தொங்கவிடுவேன். சப்பாத்து எடுப்பதே இல்லை. ஒரு பிள்ளையின் பாதத்துக்குப் படிந்தது இன்னொரு பிள்ளைக்குக் கடிக்கும். நன்றாக ஓடுவது பாடசாலைச் சீருடை. 1993 முதல் அரசாங்கம் சீருடைத் துணியை இலவசமாகக் கொடுத்து வந்தாலும், துணி வேறு, சட்டை வேறு. தையற்கூலி இல்லாத வீட்டில் துணி துணியாகவே பெட்டிக்குள் கிடக்கும். அதுமட்டுமன்றி ஒரு பிள்ளைக்கு ஒரு சட்டை போதாது, மழைநாளில் இரண்டாவது வேண்டும். பழுத்துப்போன வெள்ளையை அவித்து, வெயிலில் போட்டு, நீலம் பிடித்துக் கொடுத்தால் பாதி வருடம் தாங்கும்.

இதற்குள் ஒரு வேடிக்கையும் உண்டு. பிறந்த பிள்ளைக்கு முதலில் போடும் உடுப்பு புதிதாக இருக்கக்கூடாது, நோய்நொடியில்லாமல் வளர்ந்த பிள்ளையின் பழைய சட்டையாக இருக்க வேண்டும் என்று உன் அம்மம்மாவும் சொல்லுவாரல்லவா? அந்த நம்பிக்கை இங்கு இன்னும் இருக்கிறது. கார் வாங்கி ஓடுகிற வீட்டுக்காரர்கூட மருமகளின் பேறுகாலத்துக்கு முன் என்னிடம் வந்து, "நல்லா வளர்ந்த பிள்ளையின்ர சட்டை ஒண்டு இருக்கோ?" என்று மெல்லிய குரலில் கேட்கிறார்கள். அதை மட்டும் நான் விற்பதில்லை. அதற்குக் காசு வாங்கினால் என் அம்மாவின் ஆவி வந்து நிற்கும்.

வீட்டுச் சாமான்களைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. முதிரையும் பாலையும் எத்தனை கை மாறினாலும் விலை நிற்கும். கறையான் ஏறியதா என்று அடிக்காலைத் தட்டிப் பார்த்தால் போதும். ஒட்டுப்பலகை அலுமாரி ஒரு மாரி கண்டாலே ஊதிவிடும், அதை இனாமாகத் தந்தாலும் நான் ஏற்பதில்லை. குளிர்சாதனப்பெட்டியைச் சரித்து ஏற்றி வந்தால் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்த பிறகே மின் கொடுக்க வேண்டும், கொம்பிரசரின் எண்ணெய் இறங்க வேண்டுமல்லவா. அவசரக்காரர் ஒருவர் என் சொல் கேட்காமல் ஏற்றிய இடத்திலேயே போட்டுப் பார்த்துவிட்டு, பெட்டி பழுதென்று என்னோடு சண்டைக்கு வந்தார்.

ஆனால் பாவித்த பொருளை வாங்குவதில் வன்னிக்கென்று ஒரு சங்கடம் இருக்கிறது. அது உன் ஸ்காபரோ முற்றத்தில் இராது. இங்கு ஒரு பொருள் யாருடையதாக இருந்தது என்ற கேள்வி சாதாரணக் கேள்வி அல்ல. 2008 கடைசியில் போர் நெருங்கி வர, கதவும் நிலையும் ஓடும் உட்பட எல்லாவற்றையும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு தருமபுரம், விசுவமடு, தேவிபுரம், இரணைப்பாலை என்று போனோம். ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டோம். அம்மாவின் சீதனத் தையல் இயந்திரத்தின் இரும்புக் கால்களை விசுவமடுவில் ஒரு மாமரத்தடியில் விட்டேன். தலையை இரணைப்பாலையில் பதுங்குகுழிக்குள் புதைத்தேன். மீள்குடியேறிய பின் போய்ப் பார்த்தபோது மரமும் இல்லை, குழி இருந்த அடையாளமும் இல்லை. அந்த நாட்களில் பழைய சாமான் கடைகளில் வாங்கப் போகிற எல்லோரும் விலையைப் பார்க்குமுன் தங்களுடையதைத்தான் தேடினார்கள். என் மச்சாள் ஒரு கடையில் தன் அலுமாரியைக் கண்டாள், கதவின் உட்பக்கம் மகன் கீறிய வண்டிப்படம் இருந்தது. கடைக்காரரும் எங்கோ காசு கொடுத்து வாங்கியவர்தான். அவள் விலை கேட்டாள், வாங்கினாள், வீட்டுக்கு வந்து அழுதாள்.

நான் 2012இல் வாங்கிய இயந்திரமும் அப்படி யாரோ ஒருத்தியுடையது. கறுப்புச் சிங்கர், பொன்னிறப் பூ பாதி அழிந்தது. கைச்சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன், தையல் சீராக விழுந்தது, எடுத்துக்கொண்டேன். வீட்டில் கொண்டுவந்து இழுப்பறையைத் துடைக்கும்போது அடியில் ஒட்டிக் கிடந்த கொப்பித்தாள் துண்டொன்று வந்தது. பெரியவள் 26, சின்னவள் 22, கை 5 என்று பென்சிலால் எழுதியிருந்தது. அந்தக் கையெழுத்து எவருடையதென்று இன்றுவரை தெரியாது. சட்டை வாங்க வரும் பெண்களிடம் பேச்சோடு பேச்சாக, உங்கள் அம்மா தைப்பாரா என்று கேட்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. தாளை இருந்த இழுப்பறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.

இவ்வளவும் தெரிந்த நான் போன வருடம் ஏமாந்ததைக் கேள். ஒரு பொடியன் தண்ணீர் இறைக்கும் மோட்டர் ஒன்றைக் கொண்டுவந்து, அம்மாவுக்கு மருந்துச் செலவென்று சொல்லி 9,000 ரூபாய் கேட்டான். கொடுத்தேன். இரண்டாம் நாள் தோட்டக்கார ஐயா ஒருவர் வந்து, கைபிடியில் தான் சுற்றிய செப்புக் கம்பியைக் காட்டினார். மறுபேச்சில்லாமல் தூக்கிக் கொடுத்துவிட்டேன். காசு போனதைவிட, அந்த ஐயா என்னைப் பார்த்த பார்வைதான் இரண்டு இரவு நித்திரையைக் கெடுத்தது. இப்போது துணி தவிர எதுவென்றாலும் அடையாள அட்டைப் பிரதி இல்லாமல் எடுப்பதில்லை. பழைய இரும்புக்குப் பிளாஸ்ரிக் வாளி கொடுத்துக்கொண்டு ஒலிபெருக்கியோடு வருகிறவர்களிடமிருந்து ஒரு கரண்டிகூட வாங்குவதில்லை.

சரி, உன் பெட்டிகளுக்கு வருகிறேன். குளிர்காலச் சட்டைகளை ஏற்றாதே. கம்பளிக் குல்லா போட்ட பிள்ளையை இந்த வெயிலில் நினைத்துப் பார். பருத்திச் சட்டைகள், பெனியன்கள், கழுவிப் பாவிக்கும் துணி நப்கின்கள் எவ்வளவு இருந்தாலும் அனுப்பு. பம்பர்ஸ் விலை இங்கு இன்னும் இறங்கவில்லை. காரில் பிள்ளையை வைக்கும் ஆசனம் வேண்டாம், இங்கு பிள்ளை ஓட்டோவில் தாயின் மடியில் போகிறது. அதோடு அதற்கும் காலாவதித் தேதி உண்டென்று நீயே எழுதியிருக்கிறாய். பிள்ளையை உள்ளே இருத்தி விடும், சில்லு வைத்த நடைவண்டி ஒன்று இருப்பதாகவும், அங்கு விற்க முடியாததால் எனக்குத் தருவதாகவும் எழுதியிருந்தாய். கனடாவில் 2004 முதல் அதை விற்பதே தடை, பாவித்ததை முற்றத்தில் வைத்து விற்பதும் தடை என்று அறிந்தேன். பிள்ளைகள் படியால் உருண்டு தலையில் அடிபட்டதனால் அல்லவா தடுத்தார்கள்? அங்கத்தைய பிள்ளைக்கு ஆகாதது அக்கராயன் பிள்ளைக்கு எப்படி ஆகும்? எங்கள் வீடுகளிலும் கிணற்றடிப் படி இருக்கிறது. உடைத்து எறிந்துவிடு. இங்கும் இரண்டு பேர் கொண்டுவந்தார்கள், திருப்பி அனுப்பினேன்.

கப்பற்கூலியை நீ கொடுப்பதாயின், விற்று வரும் காசில் உன் பங்கை என்ன செய்வதென்று எழுது. எனக்கு வேண்டாம் என்று மட்டும் எழுதாதே. ஒவ்வொரு பெட்டியிலும் வயதை வெளியே பெரிதாக எழுதிவிடு. இயலுமானால் மாரி முற்றுமுன் வந்து சேரப் பார். கார்த்திகையில் வெயில் இராது, ஆறு பெட்டி உடுப்பையும் தோய்த்து எங்கே காயப்போடுவேன்?

இப்படிக்கு,
உன் பழைய வாங்குத் தோழி.